பனிக்காட்டுத் தடத்தில் ஸ்னோஷூவா, கிராஸ் கண்ட்ரி ஸ்கீயா?

மறையூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 58. சின்னாறு சரணாலயத்தில் வனக் காவலர்களான வாட்சர்களோடு நடந்து நடந்து, தடத்தை விட்டுக் கால் எடுத்து வைக்கக் கூடாது என்பது ஊறிப்போன பழக்கமாகிவிட்டது. வருகிற ஜனவரியில் கனடாவின் ஒட்டாவாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்திலுள்ள கேட்டினோ பூங்காவுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, காலணிக்கு அடியில் கட்டி நடக்கும் அகலச் சட்டமான ஸ்னோஷூ வேண்டுமா, நீண்ட ஒடுங்கிய பலகைகளில் சறுக்கிச் செல்லும் கிராஸ் கண்ட்ரி ஸ்கீ வேண்டுமா என்று இப்போதே கேட்கிறாள். மூணாறுப் புல்வெளியில் விடியற்காலையில் படியும் உறைபனியைத் தவிர வேறு பனியை நான் மிதித்ததில்லை. எனக்கு எது ஏற்றது? தரையே தெரியாமல் பனி மூடிக் கிடக்கும்போது தடம் விலகி நடந்தால் காட்டுக்குக் கேடு உண்டா?

குமுளிக்காரன்:
ஐயா, ஒட்டாவாவில் ஏழு குளிர்காலங்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். முதல் நாள் ஸ்னோஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். உடல் எடையை அகலமான பரப்பில் பகிர்ந்து, கால் புதையாமல் தாங்குவதுதான் அதன் வேலை. அடியிலுள்ள உலோகப் பற்கள் ஏற்றத்தில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். கால்களைச் சற்று அகட்டி வைத்து நடந்தால் அரை மணி நேரத்தில் பழகிவிடும். வாடகைக்கு எடுக்கும்போது முதுகுப்பையோடு சேர்த்த எடையைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் அளவு தருவார்கள்.

ஸ்கீ அவ்வளவு எளிதில் கைவராது. காலணியின் முனை மட்டுமே பலகையோடு பூட்டப்பட்டிருக்கும், குதிகால் தூக்கும். பலகையின் நடுப்பகுதி வில்லைப் போல மேல்நோக்கி வளைந்திருப்பதால், ஒரே காலில் முழு எடையையும் ஊன்றும்போது அது பனியைக் கவ்வி நம்மை முன்னே உந்தும். எடை இரு கால்களுக்கும் பிரிந்ததும் பிடி விட்டு வழுக்கும். இந்த எடைமாற்றம் எனக்குப் பிடிபட மூன்று வாரங்கள் ஆயின.

அந்தப் பூங்காவில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஸ்கீ தடங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றில் இயந்திரத்தை ஓட்டி, தண்டவாளம் போல இரண்டு கோடுகளைப் பனியில் அழுத்தி வைத்திருப்பார்கள். ஒருமுறை தெரியாமல் அந்தக் கோட்டின் மேலேயே நடந்துவிட்டேன். எதிரே வந்த முதியவர் ஒருவர் நின்று, என் காலடிக் குழியைத் தமது கோலால் காட்டி, இது இரவில் உறைந்து கல்லாகிவிட்டால் நாளை வருபவரின் பலகை இதில் இடறும் என்று பொறுமையாக விளக்கினார். அன்றிலிருந்து ஸ்னோஷூவுக்கென ஒதுக்கிய தடத்தைத் தவிர வேறெங்கும் நான் நடந்ததில்லை.

தடம் விலகுவது பற்றிய உங்கள் கேள்விதான் முக்கியமானது. ஒரு சாணுக்கு மேல் பனி சேர்ந்துவிட்டால், காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் அதன் அடியில் தரையை ஒட்டிய இடம் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். எலி, மூஞ்சூறு போன்ற சிற்றுயிர்கள் அங்கே வளை அமைத்துக் குளிர்காலம் முழுவதும் நடமாடுகின்றன. நாம் கண்ட இடமெல்லாம் மிதித்தால் பனி இறுகி, அந்த இடைவெளி அடைபட்டுவிடும், குளிரும் உள்ளே இறங்கும். நமக்குத் தரையாகத் தெரிவது அவற்றுக்குக் கூரை.

தேவிகுளம் தோட்டத்தான்:
உடையில் கவனம் வையுங்கள், அண்ணா. நம் ஊர்க் குளிருக்குப் போடும் பருத்திப் பனியன் அங்கே ஆகாது. ஏற்றத்தில் வியர்வையைக் குடித்துவிட்டு, நின்றதும் உடம்பைச் சில்லிட வைக்கும். உள்ளே கம்பளி நூல் பனியன், மேலே காற்றுப் புகாத சட்டை என்று அடுக்காக அணிந்து, வியர்ப்பதற்கு முன்பே ஒன்றைக் கழற்றிவிடுங்கள். காஷ்மீரின் குல்மார்க்கில் நான் கற்றது இது. சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊர் நம் 2,695 மீட்டர் ஆனைமுடிச் சிகரத்தைவிடச் சற்றுத் தாழ்வுதான். வெகுதூரம் வடக்கே இருப்பதால் அங்கே ஆளுயரப் பனி விழுகிறது.

மறையூர்வாசி:
இருவருக்கும் நன்றி. ஸ்னோஷூ என்றே மகளிடம் சொல்லிவிட்டேன். வழியில் மான்கள் தென்பட்டால் என்ன செய்வது?

குமுளிக்காரன்:
நின்றுவிடுங்கள், பிறகு வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். குளிர்காலத்தில் மான்கள் கூட்டமாக ஊசியிலை மரங்களின் அடியில் ஒதுங்கி, இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே நாட்களைக் கடத்துகின்றன. ஆழ்ந்த பனியில் ஒருமுறை மிரண்டு ஓடினாலும் அந்தச் சேமிப்பு வீணாகும். வரையாடு குட்டி ஈனும் காலத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவைக்கிறார்களே, அதே நிதானம் அங்கும் வேண்டும்.