டெயில் லைட்டில் கறுப்புப் பூச்சு இருப்பதால் வண்டி பரிசோதனையில் தேறவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் வணக்கம். 2010-இல் பதிவான எங்கள் கார் 15 ஆண்டு முடிந்ததால், பதிவைப் புதுப்பிக்கப் பணம் கட்டிச் சென்ற வாரம் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பிரேக், ஹாரன், டயர், புகை எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் பின்பக்கம் போய் நின்ற பிரேக் இன்ஸ்பெக்டர், என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "வெயிலில் இது எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்தக் கறுப்பு நான் போட்டதல்ல. மூன்று ஆண்டுக்கு முன் வண்டியை வாங்கும்போதே இருந்தது. பார்க்க நன்றாக இருக்கிறதென்று நானும் விட்டுவிட்டேன்.

அதே மாடல் வண்டியின் விளக்குகளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டுப் பிறகு பழையதையே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் பட்டறைக்காரர். பொள்ளாச்சியிலிருக்கும் மைத்துனரோ, வண்டியில் ஃபிலிம் ஒட்டலாமென்று கேரள உயர் நீதிமன்றமே 2024-இல் சொல்லிவிட்டதே, அதைக் காட்டிக் கேளுங்கள் என்கிறார். இவற்றில் எது சரி? புது விளக்குதான் வாங்க வேண்டுமா, இருப்பதையே சுத்தம் செய்ய முடியுமா?

பதில் 1 (வேலந்தாவளம், பட்டறை வைத்திருப்பவர்)

முதலில் அது ஒட்டியதா, அடித்ததா என்று பாருங்கள். விளக்கின் ஓரத்தில் நகத்தை வைத்து நெருடினால் ஃபிலிம் என்றால் விளிம்பு தட்டுப்படும். ஸ்ப்ரே என்றால் விளிம்பு இருக்காது, ஆனால் விளக்கைச் சுற்றியுள்ள ரப்பரில் பொடிப்பொடியாகக் கறுப்புத் துளிகள் தெரியும்.

ஃபிலிம் என்றால் கவலையே இல்லை. உச்சி வெயிலில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி, மூலையில் கிளப்பி, நேராக இழுக்காமல் விளக்கோடு ஒட்டினாற்போல் மெதுவாக உரித்தால் முழுசாக வந்துவிடும். மிச்சமிருக்கும் பசையைச் சோப்புத் தண்ணீரிலேயே எடுக்கலாம். பெட்ரோல், தின்னர் இரண்டையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மேல் மூடி அக்ரிலிக் என்பதால் மயிரிழை போல விரிசல் விட்டுவிடும்.

ஸ்ப்ரே என்றால் விளக்கைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். 800 நம்பர் வாட்டர் பேப்பரில் (உப்புத்தாளில்) தொடங்கி, 1000, 1500, 2000 என்று படிப்படியாக, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். தொடக்கத்தில் கரி கரைத்தாற்போல் தண்ணீர் வடியும். அது வெளுத்து வடியத் தொடங்கியதும் பூச்சு போய்விட்டதென்று பொருள்; அதற்கு மேல் 800-ஐ அழுத்தாமல் அடுத்த தாளுக்குப் போய்விடுங்கள். தேய்த்து முடித்ததும் மூடி மங்கலாகத் தெரிவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு மேலே வந்துவிடும். கடைசியில் வெயில் தாங்கும் கிளியர் லேக்கர் ஒரு கை அடித்தால் மறுபடி மங்காமல் இருக்கும்.

பூச்சை அப்படியே விட்டுவிட்டுப் பெரிய பல்பு போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூட்டில் ஹோல்டர் உருகிய விளக்குகளை நானே கழற்றியிருக்கிறேன்.

பதில் 2 (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

உங்கள் மைத்துனர் சொன்ன தீர்ப்பு உண்மைதான், ஆனால் அது கண்ணாடிக்கு. மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவினால் ஃபிலிம் இருக்கலாம் என்பதே அதன் சாரம். மேலே படும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டருக்கு விதி 104-உம், விளக்குகளுக்கு விதி 105-உம் தனியாக இருக்கின்றன. விளக்கைப் பற்றிக் கேட்கும் அலுவலரிடம் கண்ணாடித் தீர்ப்பை நீட்டினால் ஒரு நாள் வீணாகுமே தவிர வேறு பயனில்லை. சில வண்டிகளில் கம்பெனியிலிருந்தே புகைநிற விளக்கு வருகிறதே என்றும் கேட்பார்கள். அது அந்த நிறத்தோடு சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது, நம்முடையது அப்படியல்ல.

பதில் 3 (நெம்மாறை, நெல்லியாம்பதிக்கு வாடகை வண்டி ஓட்டுபவர்)

இரவல் விளக்கு யோசனையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சாதாரண இரட்டை இழை பல்பில் டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் முன்னால் போகிறவர் பிரேக் பிடிக்கிறார் என்பது பின்னால் வரும் எங்களுக்குத் தெரிகிறது. கறுப்புக்குள்ளிருந்து வரும் பிரேக் வெளிச்சத்தை இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் டெயில் வெளிச்சம் என்றே கண் எடுத்துக்கொள்கிறது. போன ஆண்டு மலையிறக்கத்தில் அப்படியொரு காருக்கு இரண்டு முழம் முன்னால்தான் என் வண்டி நின்றது. பின் இருக்கையில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

ரிஃப்ளெக்டரின் கதை இன்னும் மோசம். பாதி வெளிச்சத்தை மட்டும் விடும் பூச்சில், எங்கள் ஹெட்லைட் உள்ளே போகும்போது பாதியாகி, திரும்பி வரும்போது மறுபடி பாதியாகி, கால் பங்குதான் வந்துசேரும். பேட்டரி இறங்கி இருட்டில் ஓரமாக நிற்கும் வண்டியைக் காட்டிக்கொடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே தேய்க்கும்போது ரிஃப்ளெக்டர் பகுதியைக் கீறலில்லாமல் பளபளவென்று கொண்டுவந்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நகத்தால் நெருடிப் பார்த்தேன், ஸ்ப்ரேதான். இடது விளக்கின் பூச்சு நேற்று முழுசாகப் போய்விட்டது, ரிஃப்ளெக்டரும் டார்ச் வெளிச்சத்தில் நன்றாக மின்னுகிறது. வலது விளக்கின் மூடி, தேய்த்த பிறகு பார்த்தால் பூச்சுக்கடியில் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. தண்ணீர் இறங்குமென்பதால் அதை மட்டும் புதிதாகச் சொல்லியிருக்கிறேன். அது கோவையிலிருந்து வந்ததும் மாட்டி, வண்டியை மறுபடி காட்டப் போகிறேன்.