மறு: ஜிபியுவுக்கு என்ன சொல்? அட்டை வேறு, சில்லு வேறு

அனைவருக்கும் வணக்கம்.

கணினித் திரையில் தெரியும் படத்தை வரைந்து தரும் ஜிபியுவுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வரைகலைச் செயலகம், வரைகலைச் செயலி, படமாக்கி, தீட்டி, வரைவி என்று வரிசையாகச் சொற்கள் வந்துவிட்டன. ஆனால் இவையெல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோமே, அந்த அட்டைக்கா, அல்லது அட்டையின் நடுவே உட்கார்ந்திருக்கும் சில்லுக்கா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பட்டவன்.

அக்கா மகன் எஸ்.பி.எம். தேர்வு முடித்த கையோடு கேமிங் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்ட ஆசைப்பட்டான். அவன் கோலாலம்பூரில், நான் பட்டர்வொர்த்தில். “மாமா, எதை எங்க செருகணும்னு தமிழ்லயே எழுதிக் குடுங்க, அம்மா படிச்சுச் சொல்லுவாங்க” என்றான். தமிழில் கேட்டுவிட்டானே என்ற பூரிப்பில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். கடைசி வரி இது: ‘திரையின் கம்பியைக் கிராஃபிக்சில் செருகவும்.’

செருகினான். படம் வந்தது. ஆட்டம் மட்டும் பத்துமலைப் படியேறும் பாட்டி மாதிரி நின்று நின்று நகர்ந்தது. ஒரு வாரம் போனிலேயே வைத்தியம் பார்த்தேன்: டிரைவரை மாற்று, சூடு எவ்வளவு பார், படத்தின் தரத்தைக் குறை. ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் பெட்டியின் முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கம்பி மேலே, தாய்ப்பலகையின் (மதர்போர்டு) துளையில் இருந்தது. கீழே, ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி கொடுத்து வாங்கிய அட்டையின் நான்கு துளைகளிலும் கறுப்பு ரப்பர் மூடிகள் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன.

“பிராசசருக்குள்ளயே கிராஃபிக்ஸ் இருக்குன்னு கடையில சொன்னாங்களே மாமா. நீங்களும் கிராஃபிக்ஸ்லதானே செருகச் சொன்னீங்க?”

அவன் சொன்னது சரிதான். தாய்ப்பலகைத் துளையில் செருகினால் படத்தை வரைவது பிராசசருக்குள் இருக்கும் அந்தக் கிராஃபிக்ஸ்தான்; காசு கொடுத்து வாங்கிய அட்டை அல்ல. இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. ஐ5 12400எஃப் அந்த வகை. வெறும் 12400-இல் உண்டு. இவன் வாங்கியது எழுத்தில்லாதது. எஃப் வாங்கியிருந்தால் படமே வந்திருக்காது, பத்து நிமிடத்தில் தப்பு பிடிபட்டிருக்கும்.

ஆக, அட்டை இல்லாமலும் சில்லு இருக்கும். ஒரே சில்லை ஆசுசும் எம்எஸ்ஐயும் கிகாபைட்டும் ஆளுக்கொரு அட்டையில் வைத்து விற்பதும் உண்டு. விசிறி இரண்டா மூன்றா, பெட்டிக்குள் நீளம் அடங்குமா என்பதெல்லாம் அட்டையின் சங்கதி. எவ்வளவு வேகமாக வரையும் என்பது பெரும்பாலும் சில்லின் சங்கதி. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் வாங்குகிறவனுக்கு எழுதும் குறிப்பு உருப்படாது. விற்கிறவர்களே இந்தக் குழப்பத்தில் குளிர் காய்கிறார்கள் என்பது என் எண்ணம். 2016-இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 அட்டையைப் பாருங்கள். 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு விற்றார்கள். நினைவகம்தான் வித்தியாசம் என்று நினைப்போம். சில்லில் கணக்குப் போடும் கருக்களே (கோர்) ஒன்றில் 1152, மற்றதில் 1280. ஆர்டிஎக்ஸ் 3060-உம் அப்படித்தான். முதலில் 12 ஜிபி, அப்புறம் அதே பெயரில் 8 ஜிபி. கூடவே நினைவகத்துக்குப் போகும் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியது. பெட்டியின் முகப்பில் அது எங்கே தெரியப்போகிறது!

எந்த அட்டை வாங்குவது என்ற எங்கள் வீட்டு விவாதமும் 3060-க்கும் அதற்கு அடுத்து வந்த 4060-க்கும் நடுவில்தான். எனக்கு 12 ஜிபி 3060-இன் மேல்தான் ஆசை. புது ஆட்டங்களில் சுவர், தரை, முகம் எல்லாவற்றின் மேற்பரப்புப் படங்களும் அந்த நினைவகத்தில்தான் போய் உட்காரும். இடம் போதாவிட்டால் சில்லு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஆட்டம் திக்கும். பையனிடம் இருந்ததோ அண்ணனின் பழைய கணினியிலிருந்து கழற்றிய பவர் சப்ளை. அட்டைக்குப் போக 8 முனைக் கம்பி ஒன்றே ஒன்று. தாய்ப்பலகைத் துளை 75 வாட் தரும், அந்தக் கம்பி 150 வாட். 3060 கேட்பது 170 வாட், 4060 கேட்பது 115. இரண்டுமே ஓடும்தான். ஆனால் பழைய பவர் சப்ளையை இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட்டுக்குப் போய் 8 ஜிபி 4060-ஐ வாங்கி வந்துவிட்டான். திரை 1920×1080-தான், சமாளிக்கும். என் மனசு இன்னும் 12-இல்தான் இருக்கிறது. அது போகட்டும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘செயலி’ கெட்டுப்போன சொல். கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா செயலி என்று நாடே இரண்டு வருடம் சொல்லிப் பழகியபின், ‘வரைகலைச் செயலி’ என்றால் போனில் படம் வரைகிற ஒன்றைத்தான் நினைப்பார்கள். ‘செயலகம்’ என்றால் கோப்பும் குமாஸ்தாவும் கண்முன் வருகிறார்கள். ‘படமாக்கி’ சினிமா எடுப்பவர். ‘தீட்டி’ அழகான சொல்தான்; ஆனால் தீட்டு என்றதும் என் பெரியம்மா குளிக்கப் போய்விடுவார்.

மிஞ்சியது வரைவி. எனக்கும் பிடித்தது. அகத்திணை படித்தவர்கள் வரைவு என்றால் கல்யாணம் என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. என் தடை வேறு. வினையோடு வி சேர்ந்தால் பிறவினை: செய்வி, வருவி போல. வரைவி என்றால் பிறரை வரையச் செய்வது. கணினிக்குள் அந்த வேலையைச் செய்வது யார்? பிராசசர். ‘இந்தச் சுவரை வரை, அந்த ஆளை வரை’ என்று திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும், அதாவது சட்டகத்துக்கும், ஏவுவது அதுதான். ஏவலை வாங்கிக்கொண்டு உண்மையில் வரைவது இந்தச் சில்லு. 1920×1080 திரையில் 2,073,600 படப்புள்ளிகள். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஏறக்குறைய 124 மில்லியன் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கில் ரதம் வரும் வழியில் தேங்காய் உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கைதேர்ந்த ஒருவரே அத்தனையும் உடைப்பதென்றால் ரதம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆளுக்கு நாலாக ஆயிரம் பேர் உடைத்தால் தெரு முழுக்கச் சிதறிவிடும். ஒருவருக்கும் பெரிய வித்தை தெரிய வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். 4060-க்குள் அப்படி 3072 கருக்கள்.

எனவே தானே வரைவது வரையி. ஐகாரத்தின் பின் உயிர் வந்தால் இடையில் யகரம் வருவதுதான் முறை, இலக்கணமும் இடிக்கவில்லை. ரவுட்டருக்கு வைத்த திசைவியும் வி-யில்தான் முடிகிறது; ஆனால் அது நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். சில்லு வரையி; அது உட்கார்ந்த அட்டை வரையட்டை; அட்டையில் உள்ள நினைவகம் வரைநினைவகம். பிராசசருக்குள் இருப்பதை உள்வரையி எனலாம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அட்டை என்றால் காலில் ஏறுவது ஞாபகம் வரும். இதுவும் மின்சாரத்தை உறிஞ்சத்தான் செய்கிறது.

இந்தச் சில்லு இப்போது வரைவதை விட்டுச் செயற்கை நுண்ணறிவுக்குக் கணக்குப் போடுகிறதே, ‘வரை’ எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜிபியு என்ற பெயரை மட்டும் யார் மாற்றினார்கள்? 1994-இல் சோனியின் பிளேஸ்டேஷனில் இருந்த பெயர். 1999-இல் ஜீஃபோர்ஸ் 256-ஐ விற்க வந்த என்விடியா ஊரெல்லாம் பரப்பியது. எள்ளின் நெய்தான் எண்ணெய். நாம் செம்பனை எண்ணெய் என்கிறோம், எள்ளை யாரும் தேடுவதில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து

*

மறு: மறு: ஜிபியுவுக்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

வரையட்டைக்கு என் ஓட்டு உண்டு. ‘வரையி’யில் ஒரு சிக்கல். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்துகிற கண்ணுக்கு உடனே பட்டது. இல் சேர்த்தால் ‘வரையியில்’. ஒரு யி விட்டுப்போனால் ‘வரையில்’. ‘கம்பியை வரையில் செருகவும்’ என்று எவனாவது எழுதுவான். எதுவரையில் என்று நான் சிவப்பு மையில் கேட்பேன். ‘உள்வரையி’யும் உள்ளே கோடு போடுகிற எதையோ போல் இருக்கிறது. வேறு கிடைக்குமா பாருங்கள். வகுப்பில் எப்படியும் பிள்ளைகள் ஜிபியு என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

கோலாலம்பூரிலிருந்து

*

மறு: மறு: மறு: ஜிபியுவுக்கு என்ன சொல்?

ஆசிரியர் ஐயாவுக்கு,

வரையில் எனக்குத் தோன்றவே இல்லை, பிடித்துவிட்டீர்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் சில்லில் யாரும் எதையும் செருகுவதில்லை. செருகுவது, கழற்றுவது, தூசி தட்டுவது எல்லாம் அட்டையில்தான். வரையிக்கு இல் தேவைப்படும் இடம் குறைவு. வருகிற இடத்தில் ‘வரையிக்குள்’ என்று எழுதிவிடலாம். உள்வரையியைக் கைவிடுகிறேன். ‘பிராசசரோடு வந்த வரையி’ என்று நீட்டியே சொல்வோம். பேச்சில் ஜிபியு இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை.

குறிப்பின் கடைசி வரியை மாற்றிப் பையனுக்கு மறுபடி அனுப்பிவிட்டேன். அவன் தோழன் ஒருவன் அடுத்த மாதம் கணினி பூட்டப் போகிறானாம். இப்போது அந்த வரி இப்படி: ‘வரையட்டையின் ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டுத் திரையின் கம்பியை அதில் செருகவும். மேலே தாய்ப்பலகையிலும் அதே மாதிரி துளை இருக்கும். அதில் அல்ல.’

பட்டர்வொர்த்திலிருந்து