டேப்பர்ட் ஃபிரேம்ல பழைய ஃபோர்க் நிக்காதுன்னு சொன்ன மகானுக்கு

சேலத்து_சேறு:
கடுப்புல தான் எழுதறேன். தெரியாதவங்களுக்கு சுருக்கமா, என்னோட பழைய 26 இன்ச் அலுமினியம் ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கற மலை சைக்கிள்) சீட் டியூப்ல விட்டுருச்சு. கிளாம்ப்புக்கு கீழ, டாப் டியூப் வந்து சேர்ற வெல்டு ஓரத்துல ஒரு கோடு, அழுக்குன்னு துடைச்சு பாத்தேன் போகல, நகத்தை வெச்சு இழுத்தா மாட்டுது, சீட்ல உக்காந்தா வாய் தொறந்து மூடுது. ஃபோர்க், வீல், டிஸ்க் பிரேக் எல்லாம் நல்லா இருக்கறதால ஃபிரேம் மட்டும் மாத்திக்கலாம்னு பாக்கறேன், சீப்பா தான் வேணும். செகண்ட் ஹேண்ட்ல ஒரு 27.5 ஃபிரேம் மாட்டுச்சு, டேப்பர்ட் ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையற முன் குழாய், மேல சின்னதா கீழ அகலமா இருக்கும்), பின் ஹப்புக்கு 135 மிமீ குயிக் ரிலீஸ், விலையும் படியுது. வாட்ஸப் குரூப்ல கேட்டதுக்கு நம்ம கியர்மாமா சொன்னது: "டேப்பர்ட் ஃபிரேமை தொடாதே, உன் ஸ்ட்ரெயிட் ஃபோர்க் அதுல நிக்காது, ரிட்யூசர் ரிங் போட்டு ஓட்டினா ஏற்காடு கொண்டை ஊசியில நீ ஒரு பக்கம் முன்சக்கரம் ஒரு பக்கம்." எல்லாரும் சிரிச்சு ஸ்மைலி போட்டுட்டு போயிட்டாங்க. ரிங் போட்டு ஓட்டறவங்க இங்க யாராவது இருக்கீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

லேத்துக்காரன்:
இருக்கறமுங்க. நான் ஓட்டறேன், முன்சக்கரம் இன்னும் என்கூடவே தான் வருது. ஸ்ட்ரெயிட் ஸ்டீயரர், அதாவது ஹெட் டியூபுக்குள்ள போற ஃபோர்க் தண்டு, மேல இருந்து கீழ வரைக்கும் 28.6 மிமீ, கிரௌன் ரேஸ் (கீழ் பேரிங்கை தாங்கற வளையம்) உக்கார்ற இடம் 30. டேப்பர்ட்ல கீழ ஒன்றரை இன்ச், அந்த ரேஸ் இடம் 39.8. பேரிங் உள்வட்டம் 40. இந்த 30க்கும் 40க்கும் நடுவுல இருக்கற இடத்தை அடைக்கற வளையம் தானுங்க ரிங், வேற மாயம் ஒண்ணுமில்ல. ஸ்டீயரிங் பேரிங் பண்ற கேன் க்ரீக் கம்பெனியில எல்லாம் 52/30ன்னு நம்பர் போட்டே விக்கறாங்க. தலைகீழா தான் நடக்காது, அதாவது டேப்பர்ட் ஃபோர்க்கை பழைய 34 மிமீ ஹெட் டியூப்ல சொருகறது. மாமா ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டாரோ என்னமோ.

கியர்மாமா:
குழப்பிக்க நான் என்ன நேத்து தான் பெடல் மிதிக்க வந்தவனா? நீங்கெல்லாம் சைடு ஸ்டாண்டு போட கத்துக்கறதுக்கு முன்னாடியே வி பிரேக் செட் பண்ணி குடுத்தவன்பா நான். கேட்டலாக்ல நம்பர் போட்டு வித்தா அது சரியாயிடுமா, கேட்டலாக்ல என்னென்னமோ விக்கறான். ஹெட் டியூபை கீழ அகலமா பண்ணினதே கீழ தான் அடி அதிகம் விழுதுன்னு. அந்த இடத்துல ஒல்லியா ஒரு ஸ்டீயரரை விட்டு சுத்தி வளையம் வெச்சு அடைக்கறது, அப்பா சட்டையை புள்ளைக்கு மாட்டி ஊக்கு குத்தின கதை தான். சரி அதை விடு. லேத்துக்காரா, என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. உன் ரிங் கேன் க்ரீக்கா, இல்ல உன் பட்டறையில கடைஞ்சதா? நேரா பதில் சொல்லு.

லேத்துக்காரன்:
கடைஞ்சது தானுங்க. கணபதியில நம்ம பட்டறை, ஈஎன்8 ஸ்டீல் ராடு. இதுல மறைக்க என்ன இருக்கு.

கியர்மாமா:
அப்படி வா வழிக்கு! எல்லாரும் பாத்துக்குங்க, அண்ணன் சொன்ன "கேன் க்ரீக்" இப்ப கணபதிக்கு வந்துருச்சு. அந்த ரிங் மேல் ஓரத்துல ஒரு சாய்வு இருக்கணும்பா, பேரிங்கோட உள் சாய்வுல அது ஒட்டி உக்காரணும். பேரிங்ல 36 டிகிரியும் வரும் 45 டிகிரியும் வரும். 36 பேரிங்ல 45 ரிங் போட்டா ஒரு கோட்டுல மட்டும் தான் தொடும், நாலு குழியில இறங்கினா லூசு அடிக்கும், டைட் பண்ணுவ, மறுபடி லூசு. உன் ரிங் எத்தனை டிகிரி?

லேத்துக்காரன்:
45ங்க. பேரிங் மேலயே பொறிச்சிருக்கான், பாத்துட்டு தான் லேத்துல காம்பௌண்ட் ஸ்லைடை அந்த சாய்வுக்கு திருப்பினேன். உள் விட்டம் 0.1 மிமீ இறுக்கமா வெச்சு தட்டி இறக்கினது. மாமா, டிகிரி கணக்கெல்லாம் பட்டறைக்காரனுக்கே சொல்லித் தரீங்க பாருங்க, சந்தோசமுங்க.

நீலகிரி_நோண்டி:
பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன். நடத்துங்க.

லண்டன்சில்லு:
உந்த ரிங் கதையை விட்டுட்டு ஸ்டீல் ஃபிரேம் எடுங்கோவன். இஞ்ச ஆன்-ஒன் இன்பிரெட் எண்டு ஒரு ஸ்டீல் ஃபிரேம் மலிவா வித்தவங்கள், நானும் ஒண்டு பழசா எடுத்து இண்டைக்கும் ஓடுறன். குரோமோலி ஸ்டீல் வெடிச்சாலும் ஒட்டலாம். அலுமினியம் எண்டால் ஒரு நாள் முறியத்தான் போகுது, அதுக்கு எவ்வளவு சின்ன சுமை எண்டாலும் உலோகக் களைப்பு சேர்ந்து கொண்டே இருக்கும்.

சேலத்து_சேறு:
அண்ணா லண்டன்ல கிடைக்கறதை சேலத்துல எப்படி வாங்கறது? ஃபிரேம் விலையை விட ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் அதிகமா வருது. சீனா ஃபிரேம் வாங்கலாம்னா அலிஎக்ஸ்பிரஸ்ஸை 2020 நவம்பர்லயே இங்க தடை பண்ணிட்டாங்க. இங்க கடையில போய் ஃபிரேம் மட்டும் குடுங்கன்னு கேட்டா முழு சைக்கிளை காட்டறான், ஃபிரேம் தனியா விக்கறவனை தேடி கண்டுபிடிக்கறதே பெரும்பாடு. அதனால தான் செகண்ட் ஹேண்ட்.

கியர்மாமா:
லண்டன் தம்பி சொல்றதுல ஒண்ணு சரி, ஸ்டீல் தான் ராஜா. கலிஃபோர்னியாவுல 1976ல ரீபேக் மலையில சைக்கிள்ல இறங்கினவங்க எல்லாம் பழைய ஷ்வின் எக்செல்சியர் ஸ்டீல் ஃபிரேமை குப்பையில இருந்து எடுத்து தான் ஓட்டினாங்க. இந்த பசங்களுக்கு வரலாறும் தெரியாது. அப்ப ஏதுப்பா ரிங்கு?

லண்டன்சில்லு:
அந்த ஷ்வின் ஃபிரேம் எல்லாம் முறிஞ்சு முறிஞ்சு போனபடியால்தானே ஃபிரேம் கட்டுற ஜோ பிரீஸ் 1977ல குரோமோலியில புதுசா ஒண்டு செய்தவர். அரைவாசி வரலாறு சொல்லாதேங்கோ மாமா.

கியர்மாமா:
நான் சொன்னதையே எனக்கு திருப்பி சொல்றதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா? ஸ்டீல்னு தானே நானும் சொன்னேன். உங்க ஊர்ல மழையில ஸ்டீல் துரு பிடிச்சு போறது தெரியும், அதையும் கொஞ்சம் எழுதுறது.

புதுப்பெடல்:
வணக்கம், நான் புதுசு. ஒரு சின்ன சந்தேகம் சார். சேறு அண்ணாவோட ஃபோர்க் ஸ்டீயரர் பழைய ஃபிரேமுக்கு தகுந்த மாதிரி வெட்டியிருப்பாங்கள்ல? புது ஃபிரேம்ல ஹெட் டியூப் 10 மிமீ நீளமா இருந்தா ஸ்டெம் (ஹேண்டில்பாரை தாங்கற துண்டு) பிடிக்க மேல ஸ்டீயரரே இருக்காதே, ரிங்குக்கு முன்னாடி அதை அளந்து பாக்க வேண்டாமா? அப்புறம் 26 வீலை 27.5 ஃபிரேம்ல போட்டா பிபி (பெடல் அச்சு சுத்தற இடம்) இறங்கும்னு படிச்சேன்.

நீலகிரி_நோண்டி:
ஸ்டீயரர் வெட்டற கதையா? அதை கியர்மாமா கிட்ட கேளு தம்பி. எனக்கு வித்த ஃபோர்க்ல "ஃபுல் லெங்த் பா, கவலைப்படாதே"ன்னாரு. கோத்தகிரிக்கு பஸ்ல வந்து இறங்கின ஃபோர்க்கை பிரிச்சா ஸ்டீயரர் என் கட்டை விரல் நீளம் தான் வெளிய நிக்குது, ஸ்டெம் பாதி தான் பிடிச்சுது. ஃபோன் பண்ணினா ஸ்பேசரை எடுத்துடுன்னாரு. ஸ்பேசரே இல்லாம தான் அந்த நிலைமை! அதை வாங்கின நான் தான் இன்னைக்கு பாப்கார்னோட உக்காந்திருக்கேன்.

கியர்மாமா:
அந்த பேச்சு அன்னைக்கே முடிஞ்சது. உன் ஹெட் டியூப் நீளத்தை நீ அளந்து சொல்லல, நான் எப்படி ஜோசியம் பாக்கறது. இதை எத்தனை இடத்துல போய் பாடுவ நீ? குன்னூர் ரைடு அன்னைக்கு என் பம்பை கடன் வாங்கிட்டு போனியே, அதை திருப்பி குடுத்துட்டு வந்து பேசு.

நீலகிரி_நோண்டி:
பம்பு உங்களுதே இல்ல. அது புதுப்பேட்டைக்காரரோடது, அவர்கிட்ட குடுத்தாச்சு. பேச்சை மாத்தாதீங்க.

லேத்துக்காரன்:
புதுப்பெடல் தம்பி கேட்டது நல்ல கேள்விங்க. 26க்கு ரிம் அளவு 559, 27.5க்கு 584, ஆரத்துல 12.5 மிமீ தான் வித்தியாசம், அவ்ளோ தான் பிபி இறங்கும், டயர் பெருசா போட்டா இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். கல்லுல பெடல் தட்டும், பாத்து மிதிக்கணும். டிஸ்க்ங்கறதால பிரேக் பிரச்சனை இல்ல, வி பிரேக்கா இருந்தா கட்டையே எட்டாது. 29 ஃபிரேம்னா 622, அதுல 26 போடறது வேலைக்காகாது.

கியர்மாமா:
பிபி எல்லாம் அப்புறம். ரிங்குக்கு வா. 0.1 இறுக்கம்னியே, எதை வெச்சு அளந்த?

லேத்துக்காரன்:
மைக்ரோமீட்டருங்க. வேற எதை வெச்சு அளப்பாங்க, முழம் போட்டா?

கியர்மாமா:
உள் விட்டத்தை மைக்ரோமீட்டர்ல அளந்தானாம்! உள் விட்டத்துக்கு போர் கேஜ்பா. இப்ப தெரியுது ரிங் எந்த லட்சணத்துல இருக்கும்னு.

லேத்துக்காரன்:
இன்சைடு மைக்ரோமீட்டர்னு ஒண்ணு இருக்குங்க மாமா. கோயம்புத்தூர்ல பம்பு செட்டு பண்றவன் எல்லாம் வெச்சிருப்பான். சென்னையில கிடைக்காதுங்களா?

சேலத்து_சேறு:
ஆர்கான் வெல்டிங் போட்டு பழசையே ஓட்டுன்னு இன்னொருத்தர் இன்பாக்ஸ்ல சொல்றாரு. போடலாமா?

லண்டன்சில்லு:
வேண்டாம். 6061 டி6 (சூடாக்கி உறுதியாக்கின அலுமினியம்) எண்டால் பற்றவைச்ச இடத்தைச் சுத்தி பலம் போயிடும். திரும்ப 530 டிகிரி அளவில சூடாக்கி தண்ணியில இறக்கி, பிறகு இன்னொருக்கா மிதமான சூட்டில கனநேரம் வைக்கவேணும். ஃபிரேம் வளையாமல் அதை எந்த பட்டறை செய்து தரும்? அதுக்குத்தான் ஸ்டீல் எண்டு சொன்னனான்.

லேத்துக்காரன்:
இதுல லண்டன் அண்ணன் சொல்றது சரிங்க. எங்க பக்கமே வெல்டு போட்டு தரேம்பாங்க, கேட்டுட்டு போயிராதீங்க. வெல்டு நிக்கும், பக்கத்துல கிழியும்.

கியர்மாமா:
அலுமினியம் வெல்டுக்கு மட்டும் பட்டறையை நம்பாதே, ரிங்குக்கு மட்டும் பட்டறையை நம்பு. என்ன நியாயம்டா சாமி. அதோட அந்த விரிசல் ஏன் வந்துச்சுன்னு ஒருத்தனும் கேக்கல. சீட் போஸ்ட்டை மினிமம் கோட்டுக்கு மேல தூக்கி வெச்சு ஓட்டியிருப்பான், நெம்புகோல் போட்ட கணக்கா அந்த வெல்டுல தான் விழும். ஃபிரேம் சைஸ் சின்னதா வாங்கினவன் எல்லாம் இதை தான் பண்றான். புது ஃபிரேம் எந்த சைஸ்னு சொன்னானா? இல்ல. ரீச் (ஃபிரேமோட முன்னோக்கின நீளம்) எவ்ளோன்னு சொன்னானா? இல்ல. சீப்பா வேணுமாம்.

சேலத்து_சேறு:
கோட்டுக்கு கீழ தான் இருந்துச்சு மாமா, ஃபோட்டோ கூட இருக்கு. நீங்க பாக்காமலே தீர்ப்பு சொல்றீங்க. அது போகட்டும், அந்த டேப்பர்ட் ஃபிரேம் போயிருச்சு. வித்தவர் இன்னைக்கு காலையில வேற ஆளுக்கு குடுத்துட்டாராம். இப்ப இன்னொண்ணு பாத்திருக்கேன், ஹெட் டியூப் 44 மிமீ, மேலயும் கீழயும் ஒரே அளவு. இதுல ஸ்ட்ரெயிட் ஃபோர்க்கும் போகும், நாளைக்கு டேப்பர்ட் வாங்கினா கீழ வெளிய நிக்கற பேரிங் கப் போட்டு அதுவும் போகும்ங்கறாங்க. ரிங்கே வேண்டாம். ஆனா பின்னாடி 142 மிமீ த்ரூ ஆக்ஸில் (ஹப்புக்குள்ள முழுசா ஊடுருவிப் போற தடி அச்சு), என் ஹப் 135. இதுக்கு யாராவது சொல்லுங்களேன்.

புதுப்பெடல்:
சில ஹப்ல ரெண்டு பக்க மூடியை மாத்தினா 142 ஆகும்னு கேள்விப்பட்டேன் அண்ணா. உங்க ஹப் எது?

கியர்மாமா:
44க்கு அப்புறம் வா தம்பி. ரிங் விஷயம் முடியாம புது ஃபிரேமை நடுவுல கொண்டு வந்து நுழைக்காதே. இங்க ஒருத்தர் கடைஞ்ச ரிங்கை போட்டுக்கிட்டு ஊருக்கெல்லாம் சர்டிஃபிகேட் குடுக்கறாரு, நாளைக்கு எவனாவது படிச்சுட்டு பண்ணி விழுந்தா யார் பொறுப்பு? என் கண்ணால பாத்திருக்கேன், ஒருத்தன் ரிங் போட்ட ஃபோர்க்கை கழட்டினா கிரௌன்ல சாம்பல் கலர்ல மாவா கொட்டுது. உராய்ஞ்சு உராய்ஞ்சு ரெண்டு உலோகமும் தேய்ஞ்ச மாவு. அதுக்கு என்ன பதில்?

லேத்துக்காரன்:
கிரீஸ் போடாம லூசா மாட்டினா எந்த ரேஸும் அப்படி தானுங்க தேயும், ஒரிஜினல் ரேஸே தேயும். ஸ்டீயரர் மேல விழற சுமை பழைய ஃபிரேம்ல விழுந்த அதே சுமை தான். பழைய ஃபிரேம்ல அவர் ஃபோர்க் முறிஞ்சுதா? இல்லையே. வளையம் போட்டதும் திடீர்னு ஏன் முறியணும்?

கியர்மாமா:
முறியும்னு நான் எங்க சொன்னேன்? நிக்காதுன்னேன்.

நீலகிரி_நோண்டி:
"நீ ஒரு பக்கம் முன்சக்கரம் ஒரு பக்கம்"ங்கறது பின்ன என்ன, கல்யாண வாழ்த்தா?

கியர்மாமா:
நீ ஃபோர்க் விஷயத்துல காசு திரும்ப வரலன்னு வயித்தெரிச்சல்ல பேசற, உனக்கு பதில் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. லேத்துக்காரா, பேச்சு போதும். ரிங்கை கழட்டி, பக்கத்துல வெர்னியர் வெச்சு, சாய்வு தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ போடு.

லேத்துக்காரன்:
உங்களுக்காக வண்டியை பிரிக்க முடியாதுங்க. கோயம்புத்தூர் வாங்க, கழட்டியே காட்டறேன். வரும்போது மருதமலை பக்கம் ஒரு ரவுண்டும் போலாம்.

கியர்மாமா:
நான் எதுக்கு அலையணும்? ரிங்கை கூரியர்ல அனுப்பு.

லேத்துக்காரன்:
ரிங் வண்டியில இருக்குங்க. அதை அனுப்பிட்டு நான் எதை ஓட்டறது?

கியர்மாமா:
இவ்ளோ நம்பிக்கை இருக்கறவன் ஒரு ஸ்பேர் கடைஞ்சு வெச்சிருக்க வேண்டாமா? அதுவும் இல்ல. வந்துட்டாரு பேச.

லேத்துக்காரன்:
தேயாத சாமானுக்கு எதுக்குங்க ஸ்பேரு?

லண்டன்சில்லு:
இன்னும் ரிங்கிலதான் நிக்கிறியளோ. ஸ்டீல் எடுங்கோ எண்டு சொல்லி களைச்சுப்போனன்.

கியர்மாமா:
ஸ்டீல் ஃபிரேம்லயும் டேப்பர்ட் வருதுப்பா, அதுக்கும் இதே ரிங் தான். நாளைக்கு காலையில பழைய கேட்டலாக் ஒண்ணு இருக்கு, ஸ்கேன் பண்ணி போடறேன், அதுக்கப்புறம் பேசுங்க எல்லாரும்.