திரையில் நீலம், அச்சில் கத்தரிப்பூ

கேள்வி:
அக்கா மகள் கல்யாணப் பத்திரிகையை ஃபோட்டோஷாப்பில் நான்தான் செய்தேன். திரையில் பளிச்சென்ற நீலம். அச்சாகி வந்ததோ கத்தரிப்பூ நிறம். 500 பத்திரிகை! அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கே தவறு?

பதில் 1:
கோப்பு ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில் இருந்ததா? அதில் 0, 0, 255 என்ற, நீல ஒளி மட்டும் முழுதாக உள்ள அந்தப் பளிச் நீலம் அச்சு மையில் வராது. அச்சு மைக்கு மாற்றும்போது சியானோடு (பச்சை சாயல் நீல மை) மஜந்தாவும் (ஊதா சாயல் சிவப்பு மை) நிறைய ஏறிவிடும். சிஎம்ஒய்கேயில், அதாவது சியான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மைக் கலவையில், சியான் 100 சதவீதம், மஜந்தா 60 சதவீதம் வைத்துப் பாருங்கள்.

பதில் 2:
கன்ட்ரோல் + ஒய் அழுத்தினால் அச்சு நிறம் திரையிலேயே ஓரளவு தெரியும். அப்புறம், சின்ன எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் வையுங்கள். நாலு மையும் சேர்ந்தால் ஓரம் பிசிறடிக்கும்.

கேட்டவர்:
ஆர்ஜிபிதான்! மாற்றி ஒரு தாள் எடுத்தேன், நீலமாகவே வந்தது. அக்காவிடம் காட்டினேன். "முதல்ல முகூர்த்த நேரம் சரியா இருக்கா பாரு" என்றாள்.