நடிகர் மாரிமுத்துவ தூக்கிவிட்டது சீரியலா சினிமாவா?

கோலங்கள் ரசிகை: எதிர்நீச்சல் சீரியல்ல டைரக்டர் திருச்செல்வம் சார் 2022ல அந்த ஆதிமுத்து குணசேகரன் ரோல குடுக்கலன்னா மாரிமுத்துன்னு ஒருத்தர் இருக்காருன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இதான் உண்மை.

வருசநாட்டான்: யாருக்குமேவா? பரியேறும் பெருமாள் படம் 2018 மேடம். அதுல ஹீரோயின் ஜோவோட அப்பா யாரு, உங்க சீரியல் தாத்தாவா? கல்யாண மண்டபத்துல ஹீரோ பரியன ரூம்ல அடைச்சு சொந்தக்காரனுங்க போட்டு அடிக்கிறப்ப அந்த மனுசன் அழுதுக்கிட்டே கெஞ்சுவாரு பாருங்க, பொண்ணு மேல பாசமும் இருக்கு ஜாதிக்காரனுங்க மேல பயமும் இருக்கு ரெண்டும் ஒரே மூஞ்சில தெரியும், அதெல்லாம் மெகா சீரியல் பாக்குறவங்களுக்கு எங்க புரியப்போகுது.

கோலங்கள் ரசிகை: நடிப்பு நல்லா இல்லன்னு நான் எங்கய்யா சொன்னேன்? படம் பாத்துட்டு எத்தன பேருக்கு அவர் பேரு தெரிஞ்சுது? குணசேகரனோட "இந்தாம்மா ஏய்" டயலாக் வந்தப்புறம்தான் சின்னக் கொழந்தகூட சொல்லிச்சு. அதுக்குத்தான் ஜெயிலர்ல கூப்ட்டாங்க.

வருசநாட்டான்: 2018.

டீக்கட பெஞ்ச்: ரெண்டு பேரும் அவர் டைரக்டர்ங்கறத மறந்தாச்சு. 2008ல கண்ணும் கண்ணும், 2014ல புலிவால். அதுக்கும் முன்னாடி ராஜ்கிரண் கிட்ட அசிஸ்டெண்ட்.

வருசநாட்டான்: அண்ணே மறக்கல, எங்க பக்கத்து ஆளு, தேனி மாவட்டம் பசுமலைத்தேரி. எனக்கே பாடம் எடுக்காதீங்க. 2011லயே யுத்தம் செய்ல மிஷ்கின் போலீஸா போட்டாரு, அப்ப உங்க சன் டிவி எங்க போச்சு?

கோலங்கள் ரசிகை: பக்கத்து ஊர்னா எல்லாம் தெரியுமாக்கும். போன தடவ மெட்டி ஒலி டெல்லி குமார் பத்தி பேசறப்பவும் இப்படித்தான், கடைசி வர பதில் சொல்லாம ஓடுன ஆளு நீங்க.

வருசநாட்டான்: ஓடல, வேல இருந்துச்சு. பேச்ச மாத்தாதீங்க.

ராசிபலன் ராஜா: அவர் ஜீ தமிழ் ஷோல ஜோசியர்கள கேவலமா பேசுனது யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? கொஞ்ச நாள்லயே என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியும்.

டீக்கட பெஞ்ச்: ஏங்க வாய கழுவுங்க. 2023 செப்டம்பர் 8 காலைல எதிர்நீச்சலுக்கு டப்பிங் பேசிட்டு இருந்த மனுசன் நெஞ்சு வலி வந்து போய்ட்டாரு, இதுல சாபம் எங்க வந்துச்சு? அவ்ளோ தெரிஞ்சவர் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல.

கோலங்கள் ரசிகை: பாத்தீங்களா, கடைசியா பேசுனது கூட சீரியலுக்குத்தான்!

வருசநாட்டான்: சாவுல கூடவா பாயிண்ட் எடுப்பீங்க? ஜெயிலர் வந்து ஒரு மாசம்கூட ஆகல, சினிமாவுல பெருசா வரவேண்டிய நேரம், அந்த நேரத்துல தினமும் டப்பிங் டப்பிங்னு புழிஞ்சு எடுத்தது யாரு?

கோலங்கள் ரசிகை: டாக்டரா நீங்க? அப்ப அவருக்கப்புறம் அதே குணசேகரன் ரோல்ல வேல ராமமூர்த்தி அய்யா வந்தாரே, அவரையும் புழிஞ்சாங்களா?

வருசநாட்டான்: அவர் எழுத்தாளர், அவர இதுல இழுக்காதீங்க. ஆனா குணசேகரன்னா அது மாரிமுத்து மட்டும்தான்.

கோலங்கள் ரசிகை: ஹலோ, அதத்தான நானும் மொதல்லேருந்து சொல்றேன்!!

வருசநாட்டான்: இல்ல, நீங்க சொன்னது வேற. மேல போய் படிங்க. 2018.

ராசிபலன் ராஜா: வேல ராமமூர்த்தியோட ராசி என்னன்னு யாருக்காவது தெரியுமா?