விழப்போகிற பல்லுக்கு எதற்கு நரம்பு சிகிச்சை?

குழு: நம்ம வீடு
சனிக்கிழமை இரவு

அகிலா: கவினுக்குப் பல் வலி. ராத்திரி தூக்கத்தில் எழுந்து அழுகிறான். இன்று டாக்டரிடம் காட்டினோம். கீழே இடது பக்கம் கடைசிப் பால் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டதாம். நரம்பு சிகிச்சை செய்து கேப் போட வேண்டும் என்கிறார். ஐந்து வயசுப் பிள்ளைக்கு ரூட் கெனாலா?

பாலு மாமா: பால் பல் எப்படியும் விழத்தானே போகிறது அகிலா. பிடுங்கிவிட்டால் வலியும் போகும், செலவும் மிச்சம். எங்கள் காலத்தில் நூல் கட்டி இழுத்துவிடுவார்கள்.

வசந்தா பெரியம்மா: கிராம்புத் தைலம் பஞ்சில் தொட்டு வை கண்ணு. உடனே கேட்கும். சுதா பார்த்துவிட்டுச் சொல்லுவாள், அவள் படித்ததே குழந்தைகள் பல்தானே.

சுதா அக்கா: இப்போதுதான் கிளினிக் முடிந்தது. அகி, முதலில் அவனுக்கு வலி குறைய வேண்டும். பாராசிட்டமால் சிரப் எடைக்கு ஏற்ற அளவில் கொடு. அம்மா, தைலம் வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு ஈறும் நாக்கும் வெந்துவிடும்.

சுதா அக்கா: மாமா, எந்தப் பல் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். கீழ் முன்பல் என்றால் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும், பிடுங்கினாலும் பெரிய நஷ்டமில்லை. இது இரண்டாவது பால் கடைவாய்ப் பல். விழுவது பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். கவின் இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் அதில்தான் மெல்ல வேண்டும்.

பாலு மாமா: அந்தப் பக்கம் இல்லாவிட்டால் இந்தப் பக்கம் மென்றுவிட்டுப் போகிறான்.

சுதா அக்கா: மெல்வது மட்டும் இல்லை மாமா. ஆறு வயதையொட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது எந்தப் பால் பல்லும் விழாமல், வரிசைக்குப் பின்னால் புதிதாக வருகிற பல். கவினுக்கு இன்னும் வரவில்லை. இந்தச் சொத்தைப் பல்லின் முதுகில் சாய்ந்துதான் அது தன் இடத்துக்கு ஏறி வரும். இப்போது பிடுங்கினால் அது முன்னால் நகர்ந்து, காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பத்து, பன்னிரண்டு வயதில் வர வேண்டிய சிறு கடைவாய்ப் பல்லுக்கு இடம் இருக்காது. கோணலாக வரும், இல்லை எலும்புக்குள்ளேயே நின்றுவிடும். கம்பி போட என்று என்னிடம் வருகிற பிள்ளைகளில் பல பேருக்குக் கதை இப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது.

தினேஷ்: இடம் பிடித்து வைக்க ஏதோ கம்பி வளையம் இருக்கிறதே அக்கா?

சுதா அக்கா: இருக்கிறது. பிடுங்கியே ஆக வேண்டிய நிலைமையில் அதைத்தான் வைப்போம். ஆனால் பின்பல் முளைக்கும் முன்பே வைப்பது சிக்கலான வேலை, ஈறுக்குள் இறங்குகிற மாதிரி செய்ய வேண்டும். பல்லையே காப்பாற்ற முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

அகிலா: டாக்டர் இரண்டு விதம் சொன்னார் அக்கா. நரம்பைப் பாதி எடுப்பது, முழுவதும் எடுப்பது. திறந்து பார்த்துத்தான் முடிவு செய்வாராம். அதுதான் பயமாக இருக்கிறது.

சுதா அக்கா: பயப்படாதே, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பல்லுக்குள் மேலே ஒரு அறை, கீழே வேர்களுக்குள் குழாய்கள், எல்லாவற்றிலும் நரம்பும் ரத்தக் குழாயும். சொத்தைக் கிருமி மேல் அறையோடு நின்றிருந்தால் அங்கே இருப்பதை மட்டும் எடுப்போம். இதுதான் பல்பாட்டமி. எடுத்த இடத்தில் ஈரப்பஞ்சை வைத்து அழுத்திச் சில நிமிடம் காத்திருப்போம். ரத்தம் நின்றால் வேருக்குள் இருக்கும் நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் மருந்து வைத்து மூடிவிடலாம். இப்போது எம்டிஏ என்ற சிமெண்ட் மாதிரியான மருந்து நன்றாக வேலை செய்கிறது.

சுதா அக்கா: ரத்தம் நிற்கவே இல்லை, அல்லது உள்ளே சீழ் என்றால் வேர் வரைக்கும் சுத்தம் செய்ய வேண்டும். அது பல்பெக்டமி. அவன் தூங்கும்போது தானாகவே வலி வருகிறது என்பதால் இதற்கும் தயாராக இரு. இனிப்பு சாப்பிடும்போது மட்டும் கூசி, உடனே அடங்கியிருந்தால் எனக்கு நம்பிக்கை இன்னும் கூடியிருக்கும்.

வசந்தா பெரியம்மா: வேரில் மருந்தை அடைத்துவிட்டால் அடியில் இருக்கும் புதுப் பல் எப்படியம்மா வெளியே வரும்?

சுதா அக்கா: நல்ல கேள்வி அம்மா. நமக்கு ரூட் கெனாலில் அடைப்பது ரப்பர் மாதிரி ஒரு பொருள், அது கரையாது. பால் பல்லில் அதை வைக்க மாட்டோம். கரையக்கூடிய பசை மருந்துதான். புதுப் பல் மேலே வர வர பால் பல்லின் வேர் கரையும், பசையும் கூடவே கரையும். கேப் அந்தப் பல்லோடு சேர்ந்தே விழுந்துவிடும்.

அகிலா: கேப் கட்டாயமா? வெள்ளிக் கலரில் இருக்குமாம், ஸ்கூலில் கேலி செய்வார்களோ என்று அவன் அப்பா யோசிக்கிறார்.

சுதா அக்கா: கட்டாயம் போடு. சொத்தையைச் சுரண்டியபின் பல் வெறும் ஓடாக நிற்கும். சாதா ஃபில்லிங் வைத்தால் சுவர் உடையலாம், ஓரத்தில் கசிந்து கிருமி மறுபடி இறங்கலாம். எவர்சில்வர் கேப் ரெடிமேடாக அளவு அளவாக வரும், உறுதியானது. வெள்ளைக் கேப்புக்குச் செலவும் அதிகம், பல்லையும் கூடுதலாக ராவ வேண்டும். கீழ்க் கடைவாய், பெரிதாகத் தெரியாது.

பாலு மாமா: மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் கொடுத்துப் பார்த்தால் என்ன?

சுதா அக்கா: தயவுசெய்து வேண்டாம் மாமா. ரத்த ஓட்டம் செத்த நரம்புக்குள் மருந்து போய்ச் சேராது. வலி கொஞ்சம் அடங்கும், சொத்தை உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். சீழ் அடியில் தேங்கினால் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலே பழுதாகலாம். கன்னம் வீங்கி, காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் டாக்டர் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பார். அகி, வீக்கம் கண்ணுக்கு ஏறினாலோ, வாய் திறக்க, விழுங்க முடியாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அகிலா: அப்படி எதுவும் இல்லை அக்கா. ஈறில் கட்டியும் இல்லை.

சுதா அக்கா: அப்போ நல்லது. எக்ஸ்ரேவில் வேர்களுக்கு நடுவில் எலும்பு அதிகம் கரைந்திருந்தால் நானே பிடுங்கத்தான் சொல்வேன். எக்ஸ்ரேவை எனக்கு அனுப்பு. செலவு இடித்தால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கு, எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் பல் பிரிவு தனியாக உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை

அகிலா: எக்ஸ்ரே அனுப்பிவிட்டேன் அக்கா. செவ்வாய் காலை நேரம் வாங்கியாச்சு.

சுதா அக்கா: பார்த்தேன். எலும்பு நன்றாக இருக்கிறது, காப்பாற்றக்கூடிய பல்தான். மரத்துப்போக வைத்துத்தான் செய்வார்கள், லேசாகச் சாப்பிட வைத்தே கூட்டிப் போ. மயக்கம் கொடுத்துச் செய்வதாக இருந்தால் மட்டும் வெறும் வயிறு. முடிந்தபின் இரண்டு, மூன்று மணி நேரம் உதடு மரத்திருக்கும். பிள்ளைகள் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், பக்கத்திலேயே இரு. ஊசி, பிடுங்குவது என்ற பேச்சே யாரும் அவன் காதில் போட வேண்டாம். "பல்லைத் தூங்க வைத்துச் சுத்தம் செய்வார்கள்" என்றால் போதும்.

பாலு மாமா: நான் கார் எடுத்துவருகிறேன் அகிலா. ஒன்பது மணிக்குத் தயாராக இருங்கள்.

தினேஷ்: அக்கா, யாழினிக்கு இரண்டு வயசு. ராத்திரி பால் பாட்டிலோடுதான் தூங்குகிறாள். சர்க்கரை போட்டுத்தான் கொடுக்கிறோம்.

சுதா அக்கா: அதை இன்றைக்கே மாற்று. தூக்கத்தில் எச்சில் குறைவு, குடித்த பால் பல் மேலேயே தங்கிவிடும். சர்க்கரையை நிறுத்து, பாலைத் தூங்குவதற்கு முன்பே கொடுத்துப் பல் துலக்கிவிடு. ஃபுளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு போதும். இப்போதே மேல் உதட்டைத் தூக்கி ஈறோரம் பார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பிடித்தால் ஃபுளோரைடு பூசியே நிறுத்திவிடலாம்.

தினேஷ்: மேலே இரண்டு பல்லில் கோடு தெரிகிறது அக்கா.

சுதா அக்கா: இந்த வாரமே டாக்டரிடம் காட்டு. என்ன சொன்னார் என்று எனக்கு ஃபோன் பண்ணு.