சோலார் ஃப்ளேருக்கும் அதன் டியூரேஷனுக்கும் தமிழ்ச்சொல்: வியாழனுக்குள் வேண்டும்

தண்டையார்பேட்டை ஆசிரியை, திங்கள் இரவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் வரும் சனிக்கிழமை அறிவியல் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சூரியனை ஆராயும் நம் நாட்டு விண்கலம் ஆதித்யா எல்1-ஐ எடுத்திருக்கிறார்கள். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது கிளம்பியபோது மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் இது, அதனால் ஆர்வம் அதிகம். தெர்மோகோல் செயற்கைக்கோள் தயார். பேனர்தான் பாக்கி. வண்ணாரப்பேட்டை பெயின்டர் ஒருவர் துணியில் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். வியாழன் சாயங்காலத்துக்குள் வாசகம் கையில் வேண்டும், தலைப்பு ஒரு வரிக்குப் பன்னிரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. இரண்டும் அவர் போட்ட நிபந்தனை.

எனக்கு வேண்டியது இரண்டு சொற்கள். ஒன்று, சோலார் ஃப்ளேர், சூரியனில் திடீரென்று பளிச்சிட்டு அடங்குகிறதே அது. பிள்ளைகள் நாளிதழைப் பார்த்து ‘சூரியப் புயல்’ என்று எழுதியிருந்தார்கள். ஏதோ இடித்தது, அடித்துவிட்டேன். இன்னொன்று அதன் டியூரேஷன். ஒரு ஃப்ளேர் எவ்வளவு நேரம் இருக்கும், அதை எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் பிள்ளைகள் எடுத்திருக்கும் கேள்வியே. ‘கால அளவு’ என்று போட்டால் போதுமா?

திருவொற்றியூர்ப் புலவர், செவ்வாய் விடியற்காலை

அம்மா, புயலை அடித்தது சரி. கூடவே சூரியனையும் அடித்திருக்கலாம். ஞாயிறு என்று ஒரு சொல் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? ‘ஞாயிற்றுச் சுடர்’ என்று எழுதுங்கள்.

சுள் என்பது வேர். வெயில் சுள்ளென்று அடிக்கிறது என்கிறோமே, அந்தச் சுள். சுள், சுடு, சுடர். சட்டென்று பற்றிக்கொள்வதால் சுள்ளி. சுட்டு எடுப்பதால் சுண்ணம். சுடலையும் இதுவே, செங்கல் சூளையும் இதுவே. நம் சூளைக்குப் பேருந்து ஏறும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். இன்னும் ஒரு படி போனால் சுள், சூள், சூர் என்று திரிந்து, சூரியனே நம் வீட்டுப் பிள்ளைதான் என்று நிறுவலாம்.

டியூரேஷனுக்கு ‘கால அளவு’ வேண்டாம், காலம் வடசொல் என்று ஒரு கட்சி கிளம்பும். ‘வாழ்நாள்’ இருக்கிறதே.

மொழிபெயர்ப்பாளன், இராயபுரம், செவ்வாய் காலை

ஐயா, சூரியன் தமிழ்ச்சொல்தான் என்று நீங்களே நிறுவிவிட்டீர்கள். பிறகு எதற்கு அதை அடிக்க வேண்டும்?

பத்து நிமிடத்தில் போய்விடுகிற ஒன்றுக்கு வாழ்நாளா? நாள் எங்கே இருக்கிறது அதில்? என்னைக் கேட்டால் ‘சூரிய ஃப்ளேர்’. பஸ், பேங்க், பேட்டரி எல்லாம் வந்து உட்கார்ந்த வீட்டில் இது ஒன்று வந்தால் இடம் போய்விடாது.

மணலியிலிருந்து, ஓய்வுபெற்றவன், செவ்வாய் மதியம்

தம்பி, ஃப்ளேர் என்ற சொல்லை எங்கள் ஊரில் போடாதீர்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பில் முப்பது வருஷம் ஃப்ளேரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவன் நான். உயரமான குழாய், உச்சியில் தீ. கரும்புகை கக்கினால் கீழே நீராவியைக் கூட்டுவோம், வெளுத்துவிடும். பைலட் என்று ஒரு சின்னச் சுடர் உண்டு, அது அணையவே கூடாது. அணைந்தால் அன்றைக்கு ஷிப்டில் இருப்பவனுக்குத் தூக்கம் போச்சு. எர்ணாவூர், சாத்தாங்காடு பக்கத்துப் பிள்ளையிடம் ஃப்ளேர் என்று சொல்லிப் பாருங்கள், இரவும் பகலும் எரிவதைத்தான் கைகாட்டுவான். ‘சுடர்’ என்றாலும் அதே கதைதான், விளக்கைப் போல நின்று எரிவது.

எங்களுக்கும் டியூரேஷன் உண்டு. வால்வு திறந்த நேரம், மூடிய நேரம், லாக் புத்தகத்தில் இரண்டையும் எழுதிக் கழித்தால் முடிந்தது. சூரியனில் வால்வை யார் மூடுகிறார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வியாசர்பாடிப் பையன், சூரிய இயற்பியல் ஆய்வு மாணவன், செவ்வாய் இரவு

மணலி ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம்.

சூரியனில் எதுவும் எரியவில்லை. எரிய ஆக்சிஜன் வேண்டும், அங்கே நடப்பது அதுவல்ல. காந்தப்புலக் கோடுகள் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் அறுந்து, வேறு விதமாகச் சேர்ந்துகொள்கின்றன. முறுக்கில் இருந்த ஆற்றல் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. ஆகவே எரிப்பு, எரிகாலம், தீக்கொழுந்து எல்லாவற்றையும் தள்ளிவிடலாம். புயலும் ஆகாது. ஃப்ளேர் என்பது ஒளி, 8 நிமிடம் 20 வினாடியில் இங்கே வந்துவிடும். புயல் என்று நாம் சொல்வது, சூரியன் வீசி எறிந்த பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து பூமியின் காந்தப்புலத்தை ஆட்டுவதை. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது அதனால்தான்.

இனி நேரம். ‘எவ்வளவு நேரம்’ என்று கேட்டால் ‘எதில் பார்த்தீர்கள்’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1859 செப்டம்பர் 1 அன்று ஆங்கிலேய வானியலாளர் கேரிங்டன் சூரிய பிம்பத்தைத் திரையில் விழவைத்து வரைந்துகொண்டிருந்தபோது இரண்டு வெள்ளைப் புள்ளிகள் பளிச்சிட்டன. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தால் பெரும்பாலும் மங்கிவிட்டது. வெள்ளொளியில் அது மொத்தமே ஐந்து நிமிட சமாசாரம். ஆற்றல் மிகுந்த வன் எக்ஸ்-கதிரில் பார்த்தால் சில வினாடி முதல் சில நிமிடங்களுக்குள் பாய்ந்து அடங்கும். ஆற்றல் குறைந்த மென் எக்ஸ்-கதிர் அதைவிட மெல்ல ஏறும், இன்னும் மெல்ல இறங்கும், சிலது மணிக்கணக்கில் இழுக்கும். ஆதித்யாவில் இரண்டுக்கும் தனித்தனிக் கருவி: மென்கதிருக்கு சோலெக்ஸ், வன்கதிருக்கு ஹீலியோஸ்.

ஃப்ளேர்களைப் பதிந்து வைக்கும் பட்டியலில் வருகிற நேரம், அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் 1 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரை அலைநீளம் உள்ள மென் எக்ஸ்-கதிரில் அளப்பது. நிமிடத்துக்கு ஓர் எண். தொடர்ந்து நான்கு நிமிடம் எண் விறுவிறுவென்று ஏறினால், அந்த நான்கில் முதலாவது தொடக்கம். மிகப் பெரிய எண் வந்த நிமிடம் உச்சம். வேடிக்கை முடிவில்தான். உச்சத்திலிருந்து பழைய பின்னணி அளவை நோக்கிப் பாதி தூரம் இறங்கினாலே ‘முடிந்தது’ என்று எழுதிவிடுவார்கள். எக்ஸ்-கதிரின் வலிமையை சி, எம் என்று எழுத்துப் போட்டுத் தரம் பிரிப்பார்கள். பின்னணி சி1, உச்சம் எம்1 என்று வையுங்கள். எம்1 என்பது சி1-ஐப் போல் பத்து மடங்கு. சி5.5-க்கு இறங்கியதும் கணக்கை மூடிவிடுவார்கள். அப்போதும் பழைய அளவைப் போல் ஐந்தரை மடங்கு வந்துகொண்டிருக்கும்!

தண்டையார்பேட்டை ஆசிரியை, புதன் காலை

தம்பி, இதை இன்று வகுப்பில் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “டீச்சர், 104 ஜுரம் 101-க்கு வந்தா ஜுரம் விட்டுடுச்சுன்னு எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க” என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 98.6-க்கும் 104-க்கும் நடு 101.3. அவள் சொன்னது கிட்டத்தட்ட அச்சாகச் சரி. அப்புறம் எதற்கு அதை ‘முடிவு’ என்கிறார்கள்?

வியாசர்பாடிப் பையன், புதன்

இறங்குகிற வால் எங்கே தீர்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, டீச்சர். மெல்ல மெல்லப் பின்னணியோடு கரைந்துவிடும். கரைவதற்குள் அடுத்த ஃப்ளேர் அதன் முதுகிலேயே ஏறி நிற்கும். பாதி என்றால் இயந்திரமே பார்த்துச் சொல்லிவிடும், ஆளுக்கு ஆள் மாறாது. அவ்வளவுதான் காரணம். என் கருத்தில் தமிழில் அதை ‘முடிவு’ என்று எழுதுவதே பொய்.

மொழிபெயர்ப்பாளன், இராயபுரம், புதன்

பொய்யோ மெய்யோ, மூலத்தில் ‘எண்ட்’ என்று இருந்தால் நான் ‘முடிவு’ என்றுதான் எழுதுவேன். விஞ்ஞானிகள் வைத்த பெயரைத் திருத்துவது மொழிபெயர்ப்பாளன் வேலை இல்லை. நாளைக்கு ஒரு பிள்ளை பட்டியலைத் திறந்து பார்த்தால் இரண்டும் பொருந்த வேண்டாமா?

காசிமேட்டிலிருந்து, புதன் மாலை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். தம்பி சொன்ன முறுக்கு எனக்குப் பழக்கமான விஷயம். விசைப்படகில் வலை பாறையில் மாட்டிக்கொண்டால் கயிறு விண்ணென்று நிற்கும். கிறுகிறுவென்று ஒரு சத்தம் வரும். பழைய ஆள் அப்போதே குனிந்துவிடுவான். புது ஆள் நின்று பார்ப்பான். பட்டென்று அறுந்து பின்னால் வரும் பாருங்கள், அதற்கு நாங்கள் சொல்வது ‘கயிறு தெறிச்சிடுச்சு’. சூரியனில் நடப்பதும் அதுதானே? தெறிப்பு என்றே வையுங்களேன்.

கூடவே ஒரு சந்தேகம். போன மாதம் கடலில் என் வயர்லெஸ் திடீரென்று ஊமையாகிவிட்டது. இதனாலா?

வியாசர்பாடிப் பையன், புதன் இரவு

அண்ணே, பிரமாதம். தெறிப்புக்கு என் ஓட்டு.

வயர்லெஸ் விஷயம்: எக்ஸ்-கதிர் வந்தால் பகல் பக்கத்தில் அயனி மண்டலத்தின் (வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் உள்ள பகுதி) அடித்தட்டு தடித்து, தொலைதூரச் சிற்றலை வானொலியை விழுங்கிவிடும். உங்கள் படகில் இருப்பது அநேகமாக விஎச்எஃப், அது நேராகப் போவது, அந்தத் தட்டை நம்பி இல்லை. பேட்டரியைப் பாருங்கள்.

திருவொற்றியூர்ப் புலவர், புதன் பின்னிரவு

தெறிப்பு நல்ல சொல்தான். வில் நாணைத் தெறித்தல் பழைய ஆட்சி. விரலால் சுண்டுவதும் தெறித்தலே. கயிற்றுக்காரருக்கு என் வணக்கம். சுடரைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘ஞாயிற்றுத் தெறிப்பு’, அதில் மாற்றமில்லை.

முடிவுக்கு ‘அரைத்தணிவு’ என்று வைக்கலாம். அரைப்படி, அரைக்காசு போல ஒற்று மிகும். நேரத்தையும் நம் அளவில் சொல்லிப் பாருங்கள்: நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 வினாடி. கேரிங்டன் கண்டது பன்னிரண்டரை விநாழிகை. எவ்வளவு அழகு! இமையையும் நொடியையும் வைத்து மாத்திரைக்கு அளவு சொன்னவர் தொல்காப்பியர். நேரம் அளக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

மணலியிலிருந்து, வியாழன் காலை

பெயின்டருக்கு விநாழிகை கொடுத்தால் அவர் நாழிகை பாக்காமல் அடிப்பார். முடிவு பண்ணுங்கப்பா.

தண்டையார்பேட்டை ஆசிரியை, வியாழன் மதியம்

எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னேன். ‘ஞாயிற்றுத் தெறிப்பு’ என்றதும், “ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தெறிக்குமா டீச்சர்?” ‘அரைத்தணிவு’ என்பதை ஒருவன் ‘அரைத்த அணிவு’ என்று பிரித்து, மிக்ஸியில் அரைப்பதா என்று கேட்டான். புலவர் ஐயா கோபிக்கக் கூடாது. ‘தெறி’ என்று படித்ததும் வகுப்பே விசில் அடித்தது வேறு விஷயம். அது எனக்குப் பிடித்திருந்தது.

நான் கொடுக்கப் போவது: ஃப்ளேருக்கு ‘சூரியத் தெறிப்பு’, டியூரேஷனுக்குச் சும்மா ‘தெறிப்பு நேரம்’. படத்தில் மூன்று அம்புக்குறி: தொடக்கம், உச்சம், பாதி இறக்கம். மூன்றாவதன் கீழே சின்ன எழுத்தில் ‘பட்டியலில் இதையே முடிவு என்பார்கள்’. இராயபுரம் அண்ணன் கேட்டதும் வந்துவிட்டது. சரியா?

காசிமேட்டிலிருந்து, வியாழன்

சரி.

மணலியிலிருந்து, வியாழன்

சரி. தூங்க விடுங்கள்.

மொழிபெயர்ப்பாளன், இராயபுரம், வியாழன்

பேனருக்குச் சரி. என் நூலில் ‘முடிவு’ தான்.

வியாசர்பாடிப் பையன், வியாழன்

சரி, டீச்சர். ‘எந்தக் கதிரில் அளந்தது’ என்று ஒரு வார்த்தையாவது ஓரத்தில் போடுங்கள். அது இல்லாமல் நேரத்தை மட்டும் சொல்வதில் அர்த்தமே இல்லை.

திருவொற்றியூர்ப் புலவர், சனிக்கிழமை மாலை

கண்காட்சிக்குப் போயிருந்தேன். மின்விசிறிக் காற்றில் துணி ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் நன்றாக விளக்கினார்கள். ஜுரக் கதையை அந்தப் பெண்ணே சொன்னாள். என் பட்டியலில் ‘ஞாயிற்றுத் தெறிப்பு’ என்றே பதிந்திருக்கிறேன், அது இருக்கட்டும். ஆனால் அம்மா, பேனரில் ‘சூரிய தெறிப்பு’ என்றல்லவா இருக்கிறது? த் எங்கே?

தண்டையார்பேட்டை ஆசிரியை, சனி இரவு

நான் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தது, ஐயா. பெயின்டரிடம் கேட்டேன். “புள்ளி வெச்ச எழுத்து ஒண்ணு கம்மியா இருந்தா யாருக்குத் தெரியும்மா” என்றார். ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று சொன்னேன். திங்கட்கிழமை வந்து ‘ய’வுக்கும் ‘தெ’வுக்கும் நடுவில் சின்ன பிரஷ்ஷால் நுழைத்துத் தருகிறாராம்.